நடிகர் தேர்வும் உடைத் தெரிவும்

1. தோற்றுவாய்

நாடகப் பள்ளியில் இடம்பெற விழைவோரும், நாடகக் குழுவிலோ திரைப்படத்திலோ ஒரு வேடம் பெற விழைவோரும், தேர்வாளர் சிலர் முன் நின்று சிறிது பொழுது நடித்துக் காட்டுதல் இன்றைய வழக்கம். இதனை நடிகர் தேர்வு எனலாம். இதற்கு வழங்கும் 'ஆடிஷன்' என்னும் ஆங்கிலச் சொல், கேட்டல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரினின்றும் பிறந்தது. பெயரளவில் இது செவிக்குரிய தேர்வு. நடைமுறையிலோ கண்ணே முந்துகின்றது. தேர்வுக்கு வந்தவர் வாய் திறப்பதற்கு முன்னரே அவர்தம் உடை பேசத் தொடங்கிவிடுகின்றது.

இத்தகைய தேர்வுகளுக்குச் செல்வோருள் தமிழ் முதுகலை மாணவரும் உளர். நாடக இலக்கியம் பயின்றோர் மேடையை நாடுதல் இயல்பே. 'எதனை நடிப்பது?' என்னும் வினாவினும் 'எதனை உடுத்துச் செல்வது?' என்னும் வினாவே அவர்தம் உள்ளத்தைப் பெரிதும் அலைக்கின்றது. கடன்பட்டுப் புத்தாடை வாங்கிச் செல்வோர் உண்டு. தக்க உடை தம்மிடம் இல்லை என்றெண்ணிச் செல்லாமலே நின்றுவிடுவோரும் உண்டு. ஒருவருடைய கலைத்திறன் உடையின்மையால் வெளிப்படாது ஒழியுமாயின், அவ்விழப்பு அவரோடு நிற்பதன்று. நாடகத் தமிழுக்கும் அஃது இழப்பேயாம். ஆதலின் இவ்வினாவைச் சிறிதென ஒதுக்காமல், நம் பழைய நூல்கள் உடையையும் நடிப்பையும் எவ்வாறு இயைத்துக் கண்டன என்பதை முதற்கண் ஆராய்ந்து, பின்னர் இன்றைய தேர்வுக்கு ஏற்ற நெறியைக் காண முயல்வாம்.

2. இவ்வினா எழுந்த வரலாறு

தெருக்கூத்து மரபில் இவ்வினாவுக்கு இடமில்லை. அங்கே வேடத்தின் உடை மரபால் வரையறுக்கப்பட்டது. அரச வேடம் புனைவோர் கிரீடமும் புயக்கட்டையும் மார்புப் பதக்கமும் அணிவர். இவை எடை குறைந்த மரத்தாற் செதுக்கப்பட்டு, வண்ணமும் கண்ணாடித் துண்டுகளும் பதிக்கப்பெற்றவை. இக்கட்டைகளை அணிந்து ஆடுதலின் 'கட்டைக்கூத்து' என்னும் பெயரும் வழங்குகின்றது. இருவர் பிடித்த திரைக்குப் பின்னே நடிகர் வந்து நின்று பாடும்பொழுதே, திரைக்கு மேலே தோன்றும் முடியைக் கண்டு வருபவர் யாவர் என ஊரார் உணர்வர். நடிகர் உடையைத் தெரிவதில்லை; வேடமே உடையைத் தெரிந்து வைத்திருக்கின்றது.

நாடகக் குழுக்கள் பெருகிய காலத்தும் நிலைமை பெரிதும் மாறவில்லை. சங்கரதாச சுவாமிகள் 1918ஆம் ஆண்டு மதுரையில் தோற்றுவித்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற சிறுவர் குழுக்களில் பாடும் குரலும், மனப்பாடத் திறனும், தோற்றப் பொலிவும் நோக்கப்பெற்றன. உடையும் அணியும் குழுவின் உடைமைகள். சிறுவர் எவ்வுடையில் வந்து சேர்ந்தனர் என்பது பொருட்டன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'டம்பாச்சாரி விலாசம்' முதலிய சமூக நாடகங்கள் தோன்றின. 1891ஆம் ஆண்டு பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவினார். கற்றோரும் அலுவல் புரிவோரும் மேடையேறினர். பின்னர்த் திரைப்படம் வந்தது. அரசரும் முனிவரும் நின்ற இடத்தில் எழுத்தரும் ஆசிரியரும் உழவரும் தாய்மாரும் வந்து நின்றனர். இம்மாந்தர்க்கு மரபு வகுத்த முடியும் பதக்கமும் இல்லை. தெருவில் நடப்போர் உடுப்பதே இவர்க்கும் உடையாயிற்று. நடிகர் தம் சொந்த உடையில் வந்து தேர்வாளர் முன் நிற்க, அவ்வுடையே வேடத்தின் உடையாகவும் எண்ணப்படும் மயக்கம் இதனால் விளைந்தது. நாம் ஆராயும் வினா இம்மயக்கத்திற் பிறந்ததாகும்.

3. மாதவியின் அரங்கேற்றம்

நடிகர் தேர்வு நமக்குப் புதியதோ எனின், அன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதை ஒரு தேர்வினையே விரித்துரைக்கின்றது. ஐந்தாம் அகவையிற் பயிலத் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் மாதவி சோழ மன்னன் முன் ஆடிக் காட்டுகின்றாள். அவன் அவளுக்குத் தலைக்கோலும், ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் முறைமைப்படி வழங்குகின்றான். பயிற்சியும், அவையும், மதிப்பீடும், பட்டமும் ஒருங்கமைந்த இதனைத் தேர்வு என்னாது வேறென் என்பது?

இக்காதையில் இளங்கோவடிகள் எவற்றை விரித்துரைக்கின்றார் என்பதை உற்று நோக்குதல் வேண்டும். ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழோன் ஆகியோர் இலக்கணங்கள் கூறப்படுகின்றன. அரங்கின் அளவு கூறப்படுகின்றது: எழுகோல் அகலம், எண்கோல் நீளம், ஒருகோல் உயரம். மூவகை எழினிகளும் விளக்கும் தூண்நிழலும்கூடச் சுட்டப்பெறுகின்றன. இத்துணை நுண்மைகளை எண்ணிக் கூறும் அடிகள், மாதவி உடுத்த உடையையும் பூண்ட அணிகளையும் அக்காதையில் எண்ணிக் கூறினாரல்லர். பொற்கொடி ஒன்று வந்து ஆடினாற்போன்றது என்னும் உவமையோடு அமைகின்றார்.

அணிகளை விரித்துரைக்கும் திறம் அடிகட்கு இல்லையோ எனின், கடலாடு காதையைக் காண்க. ஊடியிருந்த கோவலனை மகிழ்வித்தற்பொருட்டு மாதவி தன்னை ஒப்பனை செய்துகொள்ளும் இடத்தே, கால்விரல் தொடங்கிக் கூந்தல் ஈறாக ஒவ்வோர் அணியும் பெயர் கூறி எண்ணப்படுகின்றது. காதலனைக் கவர வேண்டிய இடத்தில் அணிப்பட்டியலும், கலைத்திறம் காட்ட வேண்டிய இடத்தில் கலைத்திறமும் வைத்தமை கருதற்பாலது. அரங்கேற்றத்தில் மாதவி அணியின்றி நின்றாள் என்பது நம் கருத்தன்று. அவையோர் அளந்தவற்றுள் ஒன்றாக அணியைப் புலவர் வைத்திலர் என்பதே நாம் கூற விழைவது.

அக்கடலாடு காதையிலேயே மாதவி ஆடிய பதினோராடலும் பேசப்படுகின்றன. கொடுகொட்டி முதற் கடையம் ஈறான அவ்வாடல்கள் ஒவ்வொன்றையும் அதற்குரிய கோலத்தோடும் முறையோடும் அவள் ஆடினாள் என அறிகின்றோம். ஒருத்தியே கொற்றவையாக மரக்காலும், திருமகளாகப் பாவையும், இந்திராணி கொண்ட உழத்தி வடிவில் கடையமும் ஆடுகின்றாள். கோலம் பதினொன்று, ஆடும் மெய் ஒன்று. அம்மெய்யின் வன்மையை முன்னரே அரங்கேற்றத்தில் அளந்தறிந்தமையாலன்றோ பதினொரு கோலமும் அவளுக்குப் பொருந்தின? முதலில் மெய், பின்னர்க் கோலம் என்னும் இம்முறைவைப்பு நம் ஆராய்ச்சிக்கு அடிப்படையாகும்.

4. பொருநன் களைந்த கந்தை

சங்க இலக்கியம் இதனினும் தெளிவாக உண்மை ஒன்றை உணர்த்துகின்றது. பொருநராற்றுப்படையில் கரிகாலனைக் காணச் சென்ற பொருநன் உடுத்திருந்த உடை எத்தகையது? ஈரும் பேனும் குடியிருப்பது, வியர்வையில் நனைந்தது, வேற்று நூலால் தைக்கப்பெற்ற ஒட்டுகளையுடையது. அவ்வுடையோடு அவன் விடியற் பொழுதில் அரண்மனை வாயிலிற் புகுந்து தடாரியை முழக்கிப் பாடத் தொடங்குகின்றான். பாடி முடிக்கும் முன்னரே மன்னன் அவனை உறவினன்போல் ஏற்று அருகிருத்துகின்றான். அதன் பின்னரே அக்கந்தை களையப்படுகின்றது. நூல் ஓடிய வழி கண்ணுக்குப் புலனாகாத நுண்மையும், பாம்பின் தோலையொத்த மென்மையும் உடைய ஆடை அளிக்கப்படுகின்றது.

பெரும்பாணாற்றுப்படையிலும் சிறுபாணாற்றுப்படையிலும் புத்தாடை நல்குதல் இவ்வாறே விருந்தோம்பலின் பகுதியாக வருகின்றது. இவ்விடங்களால் நாம் பெறும் முடிபு ஒன்றுண்டு: பண்டைக் கலைஞர்க்கு உடை பரிசிலாக வந்ததேயன்றி நுழைவுக் கட்டணமாக இருந்ததில்லை. வாயிலில் நிற்பவன் உடையைக் கண்டு உள்ளே விடுதலும் விலக்குதலும் புரவலன் கடனாகக் கருதப்படவில்லை. இன்று புத்தாடையின்றித் தேர்வுக்குச் செல்ல நாணும் இளைஞர், அப்பொருநனை எண்ணிப் பார்த்தல் தகும்.

5. மெய்ப்பாட்டியல் காட்டும் நெறி

அங்ஙனமாயின் உடைக்கும் நடிப்புக்கும் தொடர்பே இல்லையோ என்னும் ஐயம் எழலாம். தொடர்பு உண்டு. அத்தொடர்பு எத்தகையது என்பதைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நுட்பமாக உணர்த்துகின்றது. களவொழுக்கத்தின் தொடக்கத்தே தலைவியிடம் தோன்றும் மெய்ப்பாடுகளைப் படிமுறையாக வகுக்கும் தொல்காப்பியர், கூந்தலை விரித்தலையும், காதணி ஒன்றனைக் களைதலையும், அணிந்தவற்றைத் தடவிப் பார்த்தலையும், உடையைப் பெயர்த்து மீண்டும் உடுத்தலையும் ஒரு தொகுதியாக வைக்கின்றார்.

இத்தொகுதியில் உடை என்னும் பொருள் மெய்ப்பாடு ஆகவில்லை. உடை பெயர்த்து உடுத்தல் என்னும் செயலே மெய்ப்பாடு ஆயிற்று. பட்டோ பருத்தியோ, புதிதோ பழையதோ என்பது ஆசிரியர்க்கு வேண்டப்படவில்லை. உள்ளம் நெகிழ்ந்தபொழுது கை தானே சென்று உடையைத் திருத்துகின்றதே, அதுவே வேண்டப்பட்டது. துணி உடலின்மேற் கிடக்கும் அளவும் அது வெறும் போர்வை. கை அதனைத் தொட்டவுடன் அது நடிப்பு. உடைத் தெரிவு பற்றிய முழு நெறியும் இவ்வொரு குறிப்பில் அடங்கியுள்ளது என்பது நம் துணிபு.

அடியார்க்கு நல்லார் அரங்கேற்று காதை உரையில் எடுத்துக் காட்டும் இருபத்துநான்கு வகை அவிநயங்களும் இதற்கு அரண் செய்கின்றன. வெகுண்டோன், ஐயமுற்றோன், சோம்பினோன், துயிலுணர்ந்தோன், மழை பெய்யப்பட்டோன், தலைநோவுற்றோன், நஞ்சுண்டோன் என விரியும் அப்பகுப்பில் ஒவ்வொன்றும் புருவம், கண், கழுத்து, தோள், கை, நடை ஆகியவற்றின் வேறுபாட்டால் விளக்கப்படுகின்றது. அரசன், வணிகன், உழவன் என்று நிலை பற்றிய பகுப்பு அஃதன்று. நிலையை உடையால் அறிவிக்கலாம். தலைநோவை உடையால் அறிவித்தல் இயலாது. தேர்வாளர் காண வேண்டுவது இவ்விரண்டாவதனையே. எனவே புருவத்தை மறைக்கும் கூந்தற் புனைவும், கழுத்தை இறுக்கும் பட்டையும், தோளசைவை விழுங்கும் தொளதொளத்த மேலங்கியும் இருபத்துநான்கு அவிநயங்களுக்கும் பகையாம்.

6. ஒரு தடையும் விடையும்

பரத முனிவரின் நாட்டிய சாத்திரம் அபிநயத்தை ஆங்கிகம், வாசிகம், ஆகாரியம், சாத்துவிகம் என நான்காக வகுத்து, உடையும் ஒப்பனையுமாகிய ஆகாரியத்தை அவற்றுள் ஒன்றாக எண்ணுகின்றதே. அதனை விலக்குதல் யாங்ஙனம் எனச் சிலர் தடை நிகழ்த்தலாம். அதற்கு விடை கூறுவாம். ஆகாரியம் நிறைவுற்ற அரங்கின் உறுப்பு. அரங்கமைப்பும் விளக்கும் உடன்நடிப்போரும் சூழ நிற்கும்பொழுது அது பொருந்தும். தேர்வறையில் அச்சூழல் யாதொன்றும் இல்லை. வெற்றுச் சுவரின் முன் ஒருவர் மட்டும் போர்வீரன் கவசம் பூண்டு நிற்பின், கவசம் வீரனை நினைவூட்டாது. வாடகைக் கடையையே நினைவூட்டும்.

உடை நடிகனுக்குள் ஒரு மாந்தனை எழுப்பவல்லது என்பதையும் நாம் மறுக்கவில்லை. மாஸ்கோ கலை அரங்கை நிறுவியவருள் ஒருவரான ஸ்டானிஸ்லாவ்ஸ்கி, நடிப்புப் பயிற்சி பற்றிக் கதைபோல் எழுதிய நூலொன்று 1949ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதில் வரும் மாணவன் ஒருவன், ஆசிரியர் இட்ட பணிக்காக அரங்கின் உடைக்கிடங்கிற் புகுந்து, நிறம் மங்கிய பழைய மேலங்கி ஒன்றைத் தெரிகின்றான். அதனை அணியும் மாந்தன் யாவன் என்பது அவனுக்கே புலப்படவில்லை. நாட்கள் சில அவ்வெண்ணம் அவனை அலைக்கின்றது. இறுதியில் நம்பிக்கை இழந்து முகப்பூச்சைக் கலைக்கும்பொழுது, கலங்கிய அம்முகத்தினின்றும் குற்றங்காணும் கொடிய திறனாய்வாளன் ஒருவன் எழுகின்றான். கிடங்கில் அழகிய உடைகள் பல இருந்தும், வினா எழுப்பிய உடையையே அம்மாணவன் தெரிந்தான். நாட்கணக்காக அதனோடு உள்ளத்தால் வாழ்ந்தான். தேர்வு நாளின் காலையில் கடையில் வாங்கிய உடைக்கு இத்தகைய வாழ்வு ஏது?

1972ஆம் ஆண்டு வெளிவந்த 'தி காட்ஃபாதர்' திரைப்படத்திற்காக மார்லன் பிராண்டோ செய்துகாட்டிய முன்னோட்டமும் ஈண்டு நினைக்கத்தகும். தம் இல்லத்தில் இயக்குநர் கொப்பொலாவின் ஒளிப்படக் கருவி முன்னிலையில், மயிரில் ஷூ பாலிஷ் பூசிக் கறுப்பாக்கி, கன்னத்தில் மெல்லிய தாளை அடக்கி, சட்டைக் கழுத்தை மடித்துவிட்டு, நாற்பதுகளில் இருந்த அவர் முதியவராக மாறினார் என்பது பலரும் அறிந்த செய்தி. விலையுயர்ந்த உடை ஒன்றும் அங்கு வேண்டப்படவில்லை. வீட்டில் இருந்த பொருள்களே போதியனவாயின.

7. தெரிவு நெறிகள்

இதுகாறும் கண்டவற்றைத் திரட்டி, தேர்வுக்குச் செல்வோர்க்குப் பயன்படும் நெறிகளாக வகுப்பாம்.

முதலாவது, உடை வேடத்தைக் குறிப்பாற் சுட்டுதல் வேண்டும். வேடமாகவே ஆகிவிடுதல் கூடாது. காவலர் வேடத்திற்குச் செல்வோர் காக்கி உடுத்தல் வேண்டா. மடிப்புக் கலையாத, உடலோடு பொருந்திய சட்டை போதும். மருத்துவர் வேடத்திற்கு வெள்ளை அங்கி மிகை. எஞ்சியதைத் தேர்வாளர் தம் கற்பனையால் நிரப்பிக்கொள்வர். அங்ஙனம் நிரப்ப இடம் விடுதலே குறிப்பின் பயன் என்பது இறைச்சியும் உள்ளுறையும் பயின்ற நமக்குப் புதிதன்று.

இரண்டாவது, கைக்குப் பணி தரும் உடையைத் தெரிதல் வேண்டும். இதற்குத் தமிழகத்துத் துண்டினும் சிறந்த சான்று இல்லை. தோளிற் கிடக்கும்பொழுது அது மதிப்பின் அடையாளம். தலையிற் கட்டினால் உழைப்பு. முகத்தைப் பொத்தினால் அழுகை. உதறித் தோளிலிட்டால் சினம். நிலக்கிழார் முன்னே அதனைத் தோளினின்றும் எடுத்து இடையிற் கட்டிக்கொள்ளும் கைகளில், தலைமுறை தலைமுறையாகப் படிந்த அடக்குமுறையின் வரலாறே அடங்கியுள்ளது. ஒரு முழத் துணி ஐந்து வேடங்களைத் தருகின்றது. மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிடுதலும், முந்தானையை இழுத்துச் செருகுதலும் இத்தகையனவே. உடை பெயர்த்து உடுத்தலின் இன்றைய வடிவங்கள் இவை.

மூன்றாவது, உடுத்துப் பழகிய உடையாக இருத்தல் வேண்டும். அதனை உடுத்தே ஒத்திகை பார்த்தல் நன்று. தரையில் அமர்தல், குனிதல், ஓடுதல், கையை முழுதும் உயர்த்துதல் ஆகியன அவ்வுடையில் இயலுமா என முன்னரே கண்டுகொள்ள வேண்டும். புதுச் செருப்பு நடையைக் கெடுக்கும். நடை கெடின் பாத்திரம் கெடும்.

நான்காவது, கருவிகளின் இயல்பை அறிந்து தெரிதல் வேண்டும். நெருக்கமான கோடுகளும் சிறு கட்டங்களும் உள்ள துணி, படக்கருவியில் நெளியும் அலைபோலத் தோன்றிக் கண்ணை உறுத்தும். தூய வெண்மை ஒளியை மிகுதியாக வீசி முகத்தின் நுண்மாற்றங்களை மங்கச் செய்யும். பச்சைத் திரையின் முன் நிறுத்தப்படுவோர் பச்சை உடுப்பின், உடையும் பின்னணியோடு கரைந்துபோம். எழுத்துகளும் படங்களும் பொறித்த சட்டை, பார்ப்போரைப் படிக்கச் செய்யுமேயன்றி முகத்தை நோக்கச் செய்யாது. கழுத்தருகே பொருத்தும் ஒலிவாங்கி, கஞ்சியிட்ட துணியின் சரசரப்பையும் கண்ணாடி வளையலின் ஒலியையும் சொல்லோடு கலந்துவிடும். முகம் காணப்படாத வானொலிக் குரல் தேர்வுக்கும் இது பொருந்தும். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பின்னர், தாமே கைபேசியிற் பதிவுசெய்து விடுக்கும் முறை பெருகியுள்ளது. அங்கே இடைக்கு மேற்பட்ட பகுதியே பெரும்பாலும் தோன்றுதலின், ஒற்றை நிறமுடைய எளிய மேலாடை ஒன்றே போதியதாகும்.

ஐந்தாவது, மறுமுறை அழைக்கப்பெறின் முதன்முறை உடுத்ததனையே உடுத்துச் செல்லுதல் நன்று. பலரைக் கண்ட தேர்வாளர், 'அந்நீலச் சட்டைக்காரர்' என்றே ஒருவரை நினைவிற் கொண்டிருத்தல் கூடும். இரண்டாம் உடை வாங்கும் செலவும் இதனால் இல்லையாகும்.

இவ்வைந்தனுள் எதுவும் பொருட்செலவை வேண்டி நிற்பதன்று என்பதை மாணவர் உணர்வாராக. துவைத்துத் தேய்த்த ஒற்றை நிறச் சட்டையும், ஒரு வேட்டியும், ஒரு துண்டும். அன்றி, எளிய பருத்திப் புடைவை ஒன்று. தேர்வுக்கு இவை சாலும்.

8. தேர்வாளர் கடன்

உடைபற்றிய பொறுப்பு முழுவதையும் தேர்வுக்கு வருவோர்மேல் ஏற்றுதல் முறையன்று. உடை நம் நாட்டில் குலத்தையும் செல்வத்தையும் காட்டும் குறியாக நெடுங்காலம் இருந்துவந்துள்ளது. திருவிதாங்கூரில் மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்டிர் போராடியதும், அதன் விளைவாக 1859ஆம் ஆண்டு அரச ஆணை பிறந்ததும் வரலாறு. அத்தகைய நாட்டில் ஒருவர் உடையை நோக்கும் கண், தான் அறியாமலே அவர்தம் பிறப்பையும் வறுமையையும் நோக்கிவிடுகின்றது. செல்வர் வேடத்திற்குச் செல்வரைப்போல் உடுத்து வந்தவரே பொருத்தமானவர் எனத் தேர்வாளர் எண்ணுவாராயின், அவர் நடிப்பை அளந்தாரல்லர், உடைமையையே அளந்தார்.

இதனைத் தவிர்க்க எளிய வழி உண்டு. பயிற்சிக்குரிய ஒரே வகை எளிய உடையைத் தேர்வு நடத்துவோரே அனைவர்க்கும் வழங்கலாம். துண்டு, கோல், குடை, பழைய மேலங்கி எனச் சில பொருள்களைப் பொதுவில் வைத்து, வேண்டுவதை எடுத்து ஆளச் செய்யலாம். ஒருவர் எதனைத் தெரிகின்றார், தெரிந்ததனை எவ்வாறு ஆள்கின்றார் என்பதே தேர்வின் ஒரு பகுதியாக அமையும். தமிழ்த்துறைகள் நடத்தும் நாடகங்களுக்கு மாணவரைத் தெரியும் நாமும் இம்முறையை மேற்கொள்ளுதல் நலம்.

9. முடிவுரை

அரங்கேற்றத்தில் அணிப்பட்டியல் கூறாத இளங்கோவடிகளும், கந்தையுடுத்த பொருநனை அருகிருத்திய கரிகாலனும், துணியை விடுத்து அதனைத் தொடும் கையை எண்ணிய தொல்காப்பியரும் நமக்கு உணர்த்துவது ஒன்றே: மெய் முந்தியது, கோலம் பிந்தியது. தேர்வுக்குச் செல்வோர் தம் மெய்யை மறைக்காத உடையைத் தெரிதல் வேண்டும். தேர்வு செய்வோர் உடை மறைக்கின்ற மெய்யையும் காண முயலுதல் வேண்டும். பரதரின் ஆகாரியத்தையும் தொல்காப்பியரின் மெய்ப்பாடுகளையும் ஒப்புநோக்கி விரிவாக ஆராயும் பணி இன்னும் எஞ்சியுள்ளது. முதுகலை மாணவர் அதனை மேற்கொள்வாராயின், நாடகத் தமிழ் ஆராய்ச்சியும் மேடைப் பயிற்சியும் ஒருங்கே பயன்பெறும்.